மகளின்ர அகீகாவுக்கு ஆடு எடுத்த இடம்: ஆடு திறம், சமையல் தான் பிழைச்சுப் போச்சு

யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கம் அகீகாவுக்கு (பிள்ளை பிறந்ததுக்கு ஏழாம் நாள் ஆடு அறுத்துக் குடுக்கிறது) ஆடு எங்க எடுக்கலாம் எண்டு நான் கன பேரிட்ட கேட்டுத் திரிஞ்சனான், இப்ப என்னட்டக் கேக்கினம், அதால ஒரேயடியா எழுதி விடுறன். நாங்க போன இடத்துக்கு போர்டும் இல்லை ஒண்டும் இல்லை. ஒரு வயசான நானா (அண்ணனை எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கூப்பிடுறது), ரெண்டு பொடியள், வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டில், அதுக்குள்ள பத்துப் பன்ரெண்டு ஆடு பூவரசங்குழை திண்டுகொண்டு நிக்குது. ஆடு குடுக்கிறது, அறுத்து வெட்டித் தாறது, கேட்டா சமைச்சு சஹன் (ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுற பெரிய தட்டு) அனுப்புறது, மூண்டும் செய்யினம்.

ஃபோன்ல கதைக்கேக்கயே எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சுப் போட்டுது. பிள்ளை வெள்ளிக்கிழமை பிறந்தது, அடுத்த வியாழன் ஏழாம் நாள், அண்டைக்கு ஆடு வேணும் எண்டன். "பகலோ இரவோ தம்பி?" எண்டார். இரவு எட்டு மணி எண்டன். "அப்ப பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு, அது சனிக் கணக்கு. வெள்ளி தான் ஏழாம் நாள்" எண்டு சொல்லிப்போட்டு, அந்த வெள்ளி போயாவோ (பூரணை லீவோ) எண்டு கலண்டரையும் பாத்துச் சொன்னார், போயாவில அறுக்கேலாது தானே. இல்லாட்டி 14, அதுவும் சரிவராட்டி 21, பதறாதீங்கோ எண்டார்.

மகள் எண்டபடியா ஒரு ஆடு, பொடியன் எண்டா ரெண்டு. நான் கை காட்டினது ஒரு கறுப்புக் கிடாய், நல்ல கொழுப்பு, மினுங்குது. நானா வந்து வாயைப் பிரிச்சுக் காட்டினார். கீழ்வரிசையில நடுவில ரெண்டு பெரிய பல்லு, ரெண்டு பக்கமும் அரிசி மாதிரிப் பால்பல்லு. "இது ரெண்டு பல்லு, வயசு காணாது. வேற மத்ஹபில (மார்க்கச் சட்டப் பிரிவில) ஒரு வயசு போதும், நாங்க ஷாஃபி, வெள்ளாடு எண்டா ரெண்டு வயசு முடிஞ்சிருக்கோணும், நாலு பல்லாவது காட்டோணும்" எண்டு சொல்லி, அங்கால நிண்ட ஒரு செம்மறிக் கலர் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தார். வடிவு எண்டு சொல்லேலாது. ஆனா நொண்டுதோ எண்டு நடத்திக் காட்டி, கண்ணுக்கு முன்னால கையை ஆட்டி, காதையும் பிரட்டிக் காட்டினார். உயிர்நிறைக்குத் தான் காசு, கறுப்பன் 5 கிலோ கூட. கூட வாற காசை விட்டுப்போட்டுக் குறைஞ்சதைத் தந்த ஆள், இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

வெள்ளி விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அறுத்தம். எலும்பை உடைக்காம மூட்டு மூட்டாக் கழட்டினா நல்லம் எண்டு உம்மா சொல்லி விட்டவ (உடைஞ்சாக் குற்றம் இல்லை, ஆனா அப்பிடிச் செய்யிறது சிறப்பு), பொடியள் கோடாலியைத் தொடவே இல்லை, சின்னக் கத்தியால மூட்டைத் தேடித் தேடி வெட்டினாங்கள், அதால நேரம் போனது தான். ஒரு பொடியன் தோலை நான் எடுக்கிறன், கூலியில கழியுங்கோ எண்டு கேக்க, நானா "தோல் கூலிக்கு இல்லையடா" எண்டு ஒரு ஏச்சு. கூலி தனியக் குடுத்தம், தோலை ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் குடுத்தம்.

வலது பின்னங்காலை மருத்துவிச்சிக்குக் குடுக்கிற வழக்கம், இப்ப எங்க மருத்துவிச்சி, மௌலவிட்டக் கேட்டுப்போட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுக்கிற மிட்வைஃப் மிஸ்ஸுக்குக் கொண்டு போனன். அவ சிரிச்சுக்கொண்டு "இண்டைக்கு வெள்ளி, நாங்க மச்சம் தொடமாட்டம்" எண்டா, பிறகு பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில வைச்சு நாளைக்கு எடுப்பன் எண்டா. பிள்ளையின்ர முடி இறக்கினதை கன்னாதிட்டியில ஒரு நகைக்கடையில நிறுத்தம், பறந்திடும் எண்டு ஃபேனை நிப்பாட்டிப்போட்டு நிறுத்தார், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. அந்த நிறைக்கு வெள்ளி விலை சதகா (தருமம்) குடுத்தம்.

இனி குறை. சமையல் அவையின்ர ஆள் இல்லை, வெளியில ஒரு சமையல்காரனைப் பிடிச்சு விடுகினம். அகீகா இறைச்சியை இனிப்பாச் சமைச்சா பிள்ளைக்கு இனிய குணம் வரும் எண்டு நம்பிக்கை, அதால பேரீச்சம்பழமும் பிளம்ஸும் வாங்கிக் குடுத்து, தூளைக் குறையுங்கோ எண்டு மூண்டு தரம் சொன்னன். வந்தது அசல் யாழ்ப்பாணத் தூள்க் கறி, கண்ணால தண்ணி வருது. எங்கட மாமி ஒரு வாய் வைச்சிட்டு "உன்ர மோள் நல்லா வாய் காட்டப் போறா" எண்டா. பேரீச்சம்பழம் பக்கெட் உடைக்காமலே திரும்பி வந்தது. 8 சஹன் சொன்னது, 7 தான் வந்தது, அதுவும் ஜும்ஆ முடிஞ்சு ஆக்கள் முக்கால் மணித்தியாலம் பாயில இருந்த பிறகு. வராத சஹனுக்குரிய 6 பேரை மற்றச் சஹன்களில பிரிச்சு விட்டம். நானாவுக்குச் சொன்னன், அந்தக் காசைக் கழிச்சார், ஆனா வந்த ஆக்களுக்கு முன்னால பட்ட வெக்கம் பட்டது தான்.

அதால ஆடும் அறுப்பும் கண்ணை மூடிக்கொண்டு அங்க குடுங்கோ, சமையலை நீங்களே பாருங்கோ.

காசு குடுத்து முடிக்கேக்க நானா "உமக்கு வாப்பா அகீகா குடுத்தவரோ?" எண்டு கேட்டார். நான் 1991ல புத்தளத்தில முகாமில பிறந்தனான், 90 ஒக்டோபர்ல முஸ்லிம்களை வெளியேத்தேக்க இங்க இருந்து வெளிக்கிட்ட வாப்பாட்ட அப்ப ஆட்டுக்கு எங்கால காசு. பெரியாளான பிறகு தனக்குத் தானே குடுக்கலாம் எண்டு எங்கட மத்ஹபில இருக்கு. அவரிட்டயே சொல்லி வைச்சிருக்கிறன், ரெண்டு கிடாய், நாலு பல்லு. சமையலுக்கு மாமி ஆள் பாக்கிறா.