மட்டாஞ்சேரி நடைச்சுற்றுலா: முன்பணம் செலுத்துவோர் கவனத்திற்கு

ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் வழிகாட்டியுடன் நடந்து பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்கிறவர்கள், கடைகளுக்கு அழைத்துச் செல்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நானும் என் பெற்றோரும் மூன்று மணி நேர நடைக்காக ஓர் ஏற்பாட்டாளருக்குத் தலைக்கு 1200 ரூபாய் செலுத்தியிருந்தோம். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், வாஸ்கோ ட காமா 1524இல் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று கல்லறைக் கல்லைக் காட்டிய வழிகாட்டி, 1539இல் அவருடைய எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டதைக்கூடச் சொல்லாமல் எங்களை அவசரமாக ஆட்டோவில் ஏற்றினார். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அன்று விடுமுறை என்றார். அன்று செவ்வாய்க்கிழமை, அரண்மனையின் வார விடுமுறையோ வெள்ளிக்கிழமை. இதை நான் சுட்டிக்காட்டியபோது, பராமரிப்புப் பணி நடக்கிறது என்று பேச்சை மாற்றினார்.

அதன்பின் கைவினைப்பொருள் கடை, கம்பளக் கடை, மசாலாக் கடை என்று நேரம் முழுவதும் கரைந்தது. சுற்றுலாப் பயணி எதையும் வாங்காவிட்டாலும், அழைத்து வந்ததற்காகவே சில கடைகள் ஆட்டோ ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் பணமோ எரிபொருள் கூப்பனோ கொடுப்பது அவ்வூரில் பலரும் அறிந்த வழக்கம். விற்பனை நடந்தால் கமிஷன் தனி.

எங்களுக்கு வலித்தது பணம் மட்டுமன்று. போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்த அந்த அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் தீட்டப்பட்டிருக்கும் இராமாயண ஓவியங்களைப் பார்ப்பதற்காகவே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் என் அம்மா வந்திருந்தார். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை நாங்கள் அடைந்தபோது அதன் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. கையால் வண்ணம் தீட்டிய சீன ஓடுகள் பதித்த அதன் தரையையும் பார்க்க இயலவில்லை. வயதானவர்களிடம் இப்படிப் பொய் சொல்லி நேரத்தைப் பறிப்பது கொடுமை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்புக்கொண்ட மூன்று மணி நேரமும் சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் அளித்துள்ளேன்.

அரண்மனையும் யூத ஆலயமும் சில நிமிட நடைத் தொலைவில்தான் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமலும் எளிதாகப் பார்க்கலாம். யூத ஆலயம் சனிக்கிழமைகளில் திறக்கப்படாது. வழியில் எவரேனும் "இன்று மூடியிருக்கிறது" என்று சொன்னால், வாசல்வரை சென்று நேரில் பார்த்த பிறகே நம்புங்கள்.