எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையும், அதைப் பார்க்கும் மிசியும்

ஊர் பேரை எழுதவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சாலையும் இரண்டு வரிசைக் கடையும் உள்ள ஊர். பேரைச் சொன்னால் மிசி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) யார், என் தங்கை மகன் யார் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். "எழுதுங்க பெரியம்மா" என்று அவன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அவனுக்கு 27 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். போன வருடம் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து ஆள் பாதியாக இளைத்தபோது, முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, "எச்.ஐ.வி. டெஸ்ட் யாருக்கு?" என்று கவுண்டரில் இருந்த பெண் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுபடி சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம்தான் எங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதாரக் கிளினிக். பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). கவுண்டரில் நோயின் பேரைச் சொல்லவே இல்லை. "மிசியைப் பார்க்கணும்" என்றோம், நம்பர் கொடுத்தார்கள்.

மிசி என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க, தம்பிகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது. வளர்த்தவள் நான். ஆனால் அரை மணி நேரம் கழித்து அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. என் எதிரில் சொல்ல முடியாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, மிசியும் சொல்லவில்லை.

ரத்தம் எடுப்பது அதற்குப் பிறகுதான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, சின்னப் பட்டையில் இருபது நிமிடம். இரண்டு கோடு வந்தது, தொற்று இருக்கலாம் என்று அர்த்தம். இதை வைத்தே முடிவு சொல்ல மாட்டார்கள் என்று மிசி சொல்லி, உறுதி செய்யக் கையில் ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பினார். ஒரு கோடு வந்தவர்களும் உடனே நிம்மதியாகிவிட வேண்டாமாம். சமீபத்தில் தொற்றியிருந்தால் பட்டையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

முடிவு வந்த அன்று நான்தான் அழுதேன். 1999இல் என் தம்பி இதே நோயில் போனான். போதை ஊசி. அவன் சாப்பிட்ட தட்டையும் தண்ணீர்க் குவளையையும் தனியாக ஒதுக்கி வைத்தது நான்தான். அதைச் சொன்னேன். மிசி அப்பாயின்ட்மெண்ட் அட்டையைத் திருப்பி, பேனாவால் ஒரு மலை வரைந்தார். அடிவாரத்தில் 1986, மலேசியாவில் முதல் நோயாளி. உச்சியில் 2002, அந்த ஒரே வருடத்தில் ஏறக்குறைய 7,000 பேர். பெரும்பாலும் ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்கள். 2005இல் போதை ஊசியை விட உதவும் மெத்தடோன் மருந்து, அடுத்த வருடம் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம். கோடு இறங்க ஆரம்பிக்கிறது. "உங்க தம்பி இங்க" என்று ஏறுகிற பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "அப்போ எச்.ஐ.வி. மருந்து ஈஸியா கிடைக்கல அக்கா. தட்டுல, தண்ணியில இந்த நோய் ஒட்டாது. அது யாரும் உங்களுக்குச் சொல்லாம விட்டது." அந்த அட்டையை இன்னும் சாமி மேடையில் வைத்திருக்கிறேன்.

இப்போது புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிற பிள்ளைகள். ஊசியால் இல்லை, உடலுறவால். ஊசி போடாத பிள்ளைக்கு இது வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தோட்டத்தில் இன்னும் பல பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 1998 முதலே இந்தச் சோதனை நடக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததாக 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. வீடு வீடாகப் பிள்ளைத்தாய்ச்சியைத் தேடிப்போன மிசிமார்களின் கால்வலி அதில் இருக்கிறது.

மருந்து இலவசம், தினமும் இரவில். இரண்டாவது மாதம் குறித்த தேதியில் அவன் மருந்து வாங்கப் போகவில்லை. மூன்றாம் நாள் மிசி வீட்டுக்கே வந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா அவர் வீட்டு முன் ஐந்தடி நடையில் நின்றார். மிசி உள்ளே வந்ததும் கதவைச் சாத்தவில்லை. பிரஷர் பட்டையை எடுத்து என் கையில் கட்டி, "உப்பைக் குறைங்கக்கா" என்று சத்தமாகச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா உள்ளே போன பிறகுதான் மாத்திரைப் புட்டியைக் கேட்டார். மேசையில் கொட்டி இரண்டு இரண்டாக எண்ணினார். இருக்க வேண்டியதைவிட ஐந்து கூடுதல். திட்டவில்லை. ஆலையில் லாரி வரிசை நீளும் இரவுகளில் அவன் வீடு திரும்ப விடிந்துவிடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும் என்று சொல்லி, இரண்டு மாத்திரையைச் சின்னப் பையில் போட்டு லாரிச் சாவியோடு கட்டிவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஏழரைக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் வெளியே வர முடிகிறது. தினக்கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் சம்பளம். மிசி பேசும் அறையின் தடுப்புப் பலகை கூரைவரை போகவில்லை. அவர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார், ஆனால் அழுகிறவர்களால் தாழ்த்த முடியாது. அந்தப் பலகையை உயர்த்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை தோட்டத்துக்கு ஒரே மிசி என்பதும் நியாயமில்லை. அவர் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மருந்தை விடாமல் அப்படியே வைத்திருந்தால் உடலுறவில் இன்னொருவருக்குப் பரவாது என்று மிசி சொன்னபோது, "கல்யாணம்?" என்று அவனே கேட்டான். "தாராளமா. அந்தப் பொண்ணுகிட்ட மறைக்காதே" என்றார்.

போகிறவர்கள் செவ்வாய் அல்லது புதன் போங்கள், கூட்டம் குறைவு. காலையில் பசியாறிவிட்டுப் போகலாம், இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கூட யாராவது போனால் மிசி வெளியே உட்காரச் சொல்வார். உட்காருங்கள்.