புது ஒயரிங் கிட்டுக்குள் பழைய வெள்ளத்து மண்: பைக் வைத்திருக்கிற நெல்லைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பதினோராயிரத்து எண்ணூற்றி ஐம்பது ரூபாய். நேற்று ராத்திரி முழுக்க இந்தத் தொகைதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போடப் போவதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம், எல்லா கம்பெனி பைக்கும் பார்க்கிற, முன்னால் கண்ணாடி ரூமும் ஏசியும் வைத்த சர்வீஸ் கடை, அவ்வளவுதான். எந்தக் கடை என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். கப்ளர், அதாவது ஒயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் மூட்டு, அதில் வருகிற கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் கல்யாண வீட்டு போட்டோகிராபர். கேமரா பையை முன்னால் மாட்டிக்கொண்டு அம்பை, நாங்குநேரி, திருச்செந்தூர் என்று நேரங்கெட்ட நேரத்தில் ஓடுகிற பிழைப்பு. வண்டி 2018 மாடல், 150 சிசி, கார்புரேட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் சிந்துபூந்துறையில் குடியிருந்தேன். வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. அப்புறம் ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, வெயிலில் நிறுத்தி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒயரிங் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. வண்டி ஓடியது, நானும் மறந்துவிட்டேன்.

போன மாதத்திலிருந்து செல்ஃப் ஸ்டார்ட் திணறி இழுக்க ஆரம்பித்தது. ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தும். பிரேக் பிடித்தால் ஹெட்லைட் மங்கும். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டூவீலர்களில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது, இன்ஜின் ஓடுகிற வரைக்கும் எரியும். சார்ஜ் ஏறாத வண்டியில் அது பேட்டரியைப் பகலிலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. திருச்செந்தூரில் ஒரு முகூர்த்தத்துக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். கிருஷ்ணாபுரம் தாண்டி, செய்துங்கநல்லூர் வருவதற்குள் லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, இன்ஜின் இருமிவிட்டு நின்றது. பூ ஏற்றிய வேன் ஒன்றில் தொற்றிப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் மச்சான் செல்போனில் எடுத்திருந்தார். அந்த வீட்டில் பாதிப் பணம்தான் தந்தார்கள். நியாயம்தான். அதை இந்த 11,850-இல் நான் சேர்க்கவில்லை.

வண்டியை டெம்போவில் ஏற்றி அந்தக் கடையில் இறக்கினேன். இந்த இடத்தை நினைத்தால்தான் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது. ஓனர் எழுந்து வந்தார். டீ சொன்னார். கையடக்கமாக ஒரு மெஷினைக் கொண்டுவந்து, இரண்டு கிளிப்பை பேட்டரியில் மாட்டினார். திரையில் எண்கள் ஓடின. மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் மறைக்காமல் காட்டுகிறாரே என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதி விழுந்தது அடுத்த கேள்வியில். "தம்பிக்கு சொந்த ஊரு எது?"

"முக்கூடல் அண்ணாச்சி."

"முக்கூடலா! எங்க அத்தையக் கெட்டிக் குடுத்த ஊருல்லா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா மாப்ளே?"

அதோடு நான் மாப்பிள்ளை ஆகிவிட்டேன். அத்தை வீடு எந்தத் தெரு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "மெஷினு பொய் சொல்லாது. ஒயரிங் ஃபுல்லா அடி வாங்கிருக்கு. காயிலும் போச்சு, ரெகுலேட்டரும் போச்சு. வேற எவனா இருந்தா பதினஞ்சு கேப்பான். உமக்கு பதினொண்ணு எண்ணூத்தம்பது. சாமான் எடுக்கணும், இப்பவே போட்டு விட்டிருதீரா?" காயில் என்றால் இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது, ரெகுலேட்டர் அதைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தருவது, ஒயரிங் கிட் என்றால் வண்டியின் மொத்த ஒயர்க் கட்டு. ஏதோ ஆயில் விளம்பரத் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதினார்: பேட்டரி 1,650, ரெகுலேட்டர் 1,900, ஒயரிங் கிட் 4,800, காயில் 2,300, லேபர் 1,200. முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த கியூஆர் கோடில் மொத்தத்தையும் அனுப்பினேன். ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. மாப்பிள்ளை எப்படிப் பேரம் பேசுவது?

மூன்றாம் நாள் வண்டி வந்தது. வாட்டர் வாஷ் அடித்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, சீட்டைத் தூக்கினால் ஒயர் மேலெல்லாம் கருகருவென்று புது டேப். பழைய சாமான் எங்கே என்றதற்கு, "இரும்புக்காரன் காலையிலேயே அள்ளிட்டுப் போயிட்டான்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒன்பதே நாள். மறுபடியும் செல்ஃப் இழுத்தது, மறுபடியும் ஆடு கத்தியது.

போன் போட்டேன். முதல் தடவை, புது பேட்டரி செட் ஆக ஒரு வாரம் ஆகும் என்றார். ஒன்பது நாள் ஆகிவிட்டதே என்றால், ராத்திரி ஓட்டம் அதிகமோ என்று என்னையே கேட்டார். அடுத்த நாள் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். சார்ஜ் ஏறாததற்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அளவுக்குக்கூட எனக்கு அப்போது விவரம் இல்லை. அப்புறம் ஓனர் போனை எடுப்பது நின்றுபோனது. கடைப் பையன் எடுத்து, அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்கார் என்பான். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சாப்பிடத்தான் போயிருந்தார். நேரில் போனால், ஒயரிங் பார்த்த ஆள் தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், வரட்டும். வந்தானா என்றால், எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார். கவனித்தீர்களா, சார்! 11,850 ரூபாய் கைமாறிய மூன்றாவது வாரத்தில் மாப்பிள்ளை சார் ஆகிவிட்டார்.

கடைசியில், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற நண்பன் ஒருவன் மேலப்பாளையத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கூட்டிப்போனான். வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான் கடை. பாய் கொஞ்சம் சிடுசிடு. டீ எல்லாம் சொல்லவில்லை. மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தார்: 12.4 வோல்ட். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கச் சொன்னார். நல்ல வண்டியில் அது 14 வோல்ட்டுக்குப் பக்கம் ஏற வேண்டுமாம். என் வண்டியில் 12.2-க்கு இறங்கியது. "ஏறுததுக்குப் பதிலா எறங்குது பாத்தீரா? சார்ஜே வரல." இதற்கு ஆன நேரம் இரண்டு நிமிடம்.

அப்புறம் இன்ஜினின் இடது பக்கத்திலிருந்து வருகிற மூன்று மஞ்சள் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகிற ஒயர்கள். நடுவில் ஒரு வெள்ளை கப்ளர். வெள்ளை என்று சொல்லக் கூடாது, சுட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் பழுப்பேறி வளைந்திருந்தது. அமுக்கி இழுத்தார், வரவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பியதும் கருகிய வாடையோடு பிரிந்தது. உள்ளே மூன்று பின். ஒன்று பளிச்சென்று இருந்தது. ஒன்று தேயிலை நிறம், அடியில் பச்சைக் களிம்பு. மூன்றாவது கரி. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்கே உருகி ஓடியிருந்தது.

"தண்ணி போயி களிம்பு ஏறிருக்கு. களிம்பு ஏறுனா கரண்டு திணறும், திணறுனா சூடு. சூட்டுல பின்னு தளரும், தளந்தா இன்னும் சூடு. இப்படியே கருகிப் போவும்" என்றார். வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஆம்பியர் ஓடுகிற இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏறினாலே பத்து வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை கப்ளருக்குள் சொருகி வைத்த மாதிரி.

கப்ளரைப் பிரித்த நிலையில் இன்ஜினை ஓட்டி, காயில் பக்கத்து மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக மாறுமின்னோட்ட (ஏசி) வோல்ட்டில் அளந்தார். மூன்று ஜோடியும் ஒரே அளவு. காயிலுக்கு ஒரு குறையும் இல்லை. "புதுக் காயிலுன்னா சொன்னான்?" என்று கேட்டு, இன்ஜின் மூடியைக் காட்டினார். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, பழைய பாக்கிங் அப்படியே ஒட்டியிருந்தது. அந்த மூடியைத் திறக்காமல் காயிலை மாற்றவே முடியாது. ஆக, 2,300 ரூபாய் காயில் என் வண்டிக்குள் வரவே இல்லை. மெஷினைப் பற்றிச் சொன்னதும்தான் முதன்முதலாகச் சிரித்தார். கிளிப்பு மாட்டிப் பார்க்கிற அது பேட்டரி டெஸ்டராம். பேட்டரி நிலைமையைச் சொல்லும், சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லும். எந்த ஒயர், எந்த கப்ளர் என்று அதற்குத் தெரியாது.

எனக்கு ஒயரிங் கிட்டின் மேல் சந்தேகம் வந்தது. டேங்கைத் தூக்கி, ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் அந்தப் புது டேப்பை பிளேடால் கீறினேன். அடியில் வெடித்துப்போன பழைய டேப். அதையும் கீறியதும் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று மண் கொட்டியது, ஒரு வைக்கோல் துணுக்கோடு. ஆற்று வண்டல். 2023-இல் சிந்துபூந்துறையில் ஏறிய அதே வண்டல். 4,800 ரூபாய்க்கு வாங்கிய புது கிட்டுக்குள்!

பாய் கருகிய கப்ளரை வெட்டி எறிந்தார். ஒயரை, உள்ளே செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை நறுக்கி, புது பின் வைத்து, அதற்கென்று இருக்கிற குறடால் அமுக்கி, புது கப்ளரில் செருகினார். முறுக்கி டேப் அடித்தால் நாலு மாதம்கூட வராதாம். மறுபடி மீட்டர் வைத்தோம்: ஹெட்லைட் எரிய, 14.1. கப்ளர் 60, கூலி 120. நூற்றி எண்பது ரூபாயில் முடிந்த வேலைக்கு நான் 11,850 கொடுத்திருக்கிறேன். அதில் பேட்டரி மட்டும் நிஜமாகவே மாற்றப்பட்டிருந்தது. ரெகுலேட்டரும் மாறியிருந்தது, ஆனால் அது டூப்ளிகேட், பழையது நன்றாகத்தான் இருந்திருக்கும் என்கிறார் பாய். அதுதான் இரும்புக்காரனிடம் போய்விட்டதே!

நேற்று சாயங்காலம் அந்த மண்ணை ஒரு பேப்பரில் மடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் சாப்பிடப் போகவில்லை, இருந்தார். பிரித்துக் காட்டினேன். "இது வெள்ளத்துல ஒங்க வண்டிக்குள்ள போன மண்ணு சார், இதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார். "சரி அண்ணாச்சி, அது புது கிட்டுக்குள்ள எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், பையன் மாற்றாமல் விட்டிருப்பான், அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த சர்வீஸாம்! பில் கேட்டேன். அதான் தாளில் எழுதித் தந்தோமே என்றார். கடை பெயர்கூட இல்லாத பென்சில் தாள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போடப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் என் கையில் இருப்பது அந்தத் தாளும், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும், ஒரு பொட்டலம் மண்ணும்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். நேரமாகிவிட்டது, வள்ளியூரில் ஏழு மணிக்கு ரிசப்ஷன். அதனால் அவசரமாக: நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் இழுத்தால் பேட்டரியை மாற்றும் முன் இன்ஜினை ஓடவிட்டு வோல்ட் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மஞ்சள் ஒயர் கப்ளரை ஒரு தடவையாவது பிரித்துப் பாருங்கள், சாவியை அணைத்துவிட்டு. வாட்டர் வாஷ்காரனிடம் சீட்டுக்கு அடியில் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய சாமான் கைக்கு வராமல் முழுப் பணம் அனுப்பாதீர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் மெட்ராஸ் என்று சொல்லிவிடுங்கள்.

மீதியை வந்து எழுதுகிறேன். கிளம்பும் முன் இப்போதும் ஒரு தடவை போன் போட்டுப் பார்த்தேன். பையன்தான் எடுத்தான். அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காராம்.