ரயில் பார்சலில் மதிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்: ₹92,000 சரக்குக்கு வந்தது ₹2,000

80 கைத்தறிச் சேலை, 40 கிலோ, ஒரே கட்டு. பில் ₹92,000. ரயிலில் தொலைந்தது. நஷ்டஈடு என்று கைக்கு வந்திருப்பது ₹2,000! வயிறு எரிகிறது.

புக்கிங் செய்துகொடுத்த ஏஜென்ட், ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ரகம். பார்வர்டிங் நோட்டில் (சரக்கை புக் செய்யக் கொடுக்கும் படிவம்) மதிப்பு எழுதும் இடத்தை அவரே காலியாக விட்டார். "எழுதினா மதிப்புல இத்தனை சதவீதம்னு சதவீதக் கட்டணம் தனியா போடுவாங்க சார். தொலைஞ்சா ரயில்வே முழுசா கொடுத்துடும்" என்றார். அந்த வாக்கை நம்பித்தான் கையெழுத்து. கட்டு வராதபோது "பார்சல் ஆபீஸ்ல கேளுங்க". அங்கே போனால் "கிளைம்ஸுக்கு எழுதுங்க". இப்போது ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை.

1989 ரயில்வே சட்டம், பிரிவு 103: மதிப்பை அறிவிக்காத சரக்குக்கு எடைக் கணக்கில்தான் பொறுப்பு. 1990 விதிப்படி பார்சலுக்குக் கிலோவுக்கு ₹50. நாற்பது கிலோவுக்கு ₹2,000. உள்ளே சேலையா, பழைய சாக்கா என்று யாரும் பார்ப்பதில்லை.

கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். அங்கே என்ன கேட்பார்கள் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹார்ட் - பென்சில்வேனியா ரயில்ரோடு வழக்கைப் பாருங்கள். ஜெர்சி சிட்டியிலிருந்து செயின்ட் லூயிக்கு 5 குதிரைகள். ரயில் கம்பெனியின் கவனக்குறைவில் ஒன்று செத்தது, மற்றவற்றுக்குக் காயம். செத்தது பந்தயக் குதிரை, 15,000 டாலர் பெறும் என்றார் ஹார்ட். கேட்டது 19,800 டாலர். ஆனால் அவர் கையெழுத்திட்ட சரக்குச் சீட்டில் அச்சடித்திருந்தது: குதிரை தலைக்கு 200 டாலருக்கு மேல் இல்லை, வாடகைக்கு எடுத்த ரயில் பெட்டி முழுவதற்கும் 1,200 டாலர். நிஜ மதிப்பை நிரூபிக்கும் சாட்சியத்தைக்கூட விசாரணையில் ஏற்கவில்லை. கிடைத்தது 1,200. மதிப்பைக் குறைத்துக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பிவிட்டு, நஷ்டம் வந்தபின் பெரிய மதிப்பைச் சொல்லக்கூடாது, தப்பு கம்பெனியுடையது என்றாலும் சரி என்று நீதிபதி பிளாட்ச்ஃபோர்ட் எழுதினார். மதிப்பை ஏன் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். சொல்ல விடாமல் செய்த ஏஜென்டை யாரும் கேட்பதில்லை, அதுதான் தாங்கவில்லை.

அவசரமாக நாலு வார்த்தை. மதிப்பை நீங்களே கைப்பட எழுதுங்கள், சதவீதக் கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கட்டு கிழிந்தோ எடை குறைந்தோ வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஓபன் டெலிவரி, அதாவது ரயில்வே ஆள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்குவதை, எழுதிக் கேளுங்கள். நஷ்டஈடு கேட்டு ரயில்வேக்குத் தரும் பிரிவு 106 நோட்டீஸை, சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தவறினால் அந்த ₹2,000-மும் வராது.