பேரலா, டிரம்மா, கேனா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன் படகுக்கு வாங்கிய டீசல் மிச்சமிருந்தால் அத்தனை நாளும் கரையில்தான் கிடக்கும்; அதை எதில் வைப்பது என்பதுதான் கேள்வி. பாம்பனில் ஒரு வருடம் இரும்பு பேரலை நிமிர்த்தியே வைத்துவிட்டோம். நடுவில் கோடை மழை பெய்தது. தடை முடிந்து கடலுக்குப் போன முதல் நாளே குருசடைத் தீவுப் பக்கம் இன்ஜின் விக்கி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் பாதி தண்ணீர்.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பேரலின் தலைத்தட்டில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் விரிந்த உள்காற்று ராத்திரி சுருங்கும்போது மூடி விளிம்பில் நிற்கிற நீரையும் இழுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் படுக்கப் போட்டுத்தான் வைக்கிறோம், இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வருகிற மாதிரி. மூடியின் உள்பக்கம் டீசலில் நனைந்திருந்தால் ஈரம் உள்ளே போக வழியில்லை. கீழே கட்டை கொடுக்க வேண்டும். மணலில் கிடந்தால் உப்பு அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். 200 லிட்டர் டீசலே 165 கிலோ வரும். வேனிலிருந்து பழைய டயர் மேல் உருட்டி இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

நீல பிளாஸ்டிக் டிரம் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்றவருக்கே தெரியாது. நிழலில் டீசல் வைக்கலாம், அவ்வளவுதான்.

வள்ளத்துக்கு என் ஓட்டு 35 லிட்டர் கேனுக்கு. நிறைத்தால் கிட்டத்தட்ட 30 கிலோ; ஒரே ஆள் தோளில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஏற்றிவிடலாம். நடை அதிகம், மூடி வாசர் அடிக்கடி காணாமல் போகும், சரி, அது பரவாயில்லை.

வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாருக்கான பெட்ரோல் கதையே வேறு. சொந்த உபயோகத்துக்கு டீசல் 2,500 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். பெட்ரோல் 30 லிட்டர்தான், அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத உலோகப் பாத்திரத்தில். பிளாஸ்டிக்கில் ஊற்றும்போது நிலைமின்சாரம் தங்கும், ஒரு பொறி போதும். போதாததற்கு இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பங்க்கில் பாத்திரத்தை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

ஜூன் 14 சாயங்காலம் எங்கள் வேலை ஒன்றுதான்: பேரலின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் டீசல் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, கீழே தண்ணீர்க் கோடு விழுகிறதா என்று பார்ப்பது.