5 டாலரா, 15 டாலரா, இல்ல சேலே கிடையாதா? இண்டி கேம் விலை அலசல்

இண்டி கேமுக்கு, அதாவது பெரிய கம்பெனி துணை இல்லாம சின்ன டீம் பண்ற கேமுக்கு, என்ன விலை வைக்கலாம்னு கேட்டா ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க. என்னைக் கேட்டா நம்பரைவிட, அதை எப்ப குறைப்பீங்க, குறைப்பீங்களா மாட்டீங்களான்றதுதான் பெரிய முடிவு.

முதல்ல சல்லிசா விக்கிற ரூட். வாம்பயர் சர்வைவர்ஸ்ன்ற கேம் 2021 டிசம்பர்ல ஏர்லி ஆக்சஸ்ல (முழுசா முடிக்கிறதுக்கு முன்னாடியே விக்கிறது) 2.99 டாலருக்கு வந்துச்சு, 2022 அக்டோபர்ல முழு வெர்ஷன் வந்தப்ப 4.99. யோசிக்காம வாங்கிடலாம். 2025ல வந்த பீக் 7.99 டாலர், அது நண்பர்களோட சேர்ந்து மலை ஏறுற கேம், ஒருத்தன் வாங்கினா கூட இருக்குற மூணு பேரையும் வாங்க வச்சிடுவான், அங்க கம்மி விலை நல்லாவே வேலை செய்யும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம் 30% எடுத்துக்கும், 5 டாலர்ல மிஞ்சுறது மூன்றரை, அதுலயும் வரி, ரீஃபண்ட் போகும், பாதி விலை சேல் போட்டா ஒண்ணே முக்கால்தான். 15 டாலர் கேம் ஒரு காப்பில சம்பாதிக்கிறதை நீங்க மூணு காப்பி வித்து எடுக்கணும். தனியா உக்காந்து ஆடுற கதை கேமுக்கு அந்தக் கூட்டம் எங்கேர்ந்து வரும்?

அடுத்தது 15 டாலர் ரூட், பெரும்பாலானவங்க போறது இதுலதான். ஸ்டார்ட்யூ வேலி 2016ல 14.99, அதுக்கப்புறம் விலையை ஏத்தவே இல்ல, 2024ல வந்த 1.6 அப்டேட் கூட ஃப்ரீதான். ஹாலோ நைட் 14.99, பலாட்ரோ 14.99. சில்க்சாங் 2025ல 19.99க்கு வந்துச்சு. (அவ்ளோ பெரிய கேமை 20க்கு குடுத்தா, சின்ன கேமுக்கு 20 கேக்குறவன் பாடு திண்டாட்டம்தான், அது தனிக்கதை.) இந்த ரூட்ல சேல் கட்டாயம் மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா விஷ்லிஸ்ட்ல (அப்புறம் வாங்கலாம்னு குறிச்சு வைக்கிற லிஸ்ட்) போட்டு வச்சவங்களுக்கு ஸ்டீம் மெயில் அனுப்பணும்னா டிஸ்கவுண்ட் 20% ஆவது இருக்கணும். அதனால அது விலைக்குறைப்பு மட்டும் இல்ல, விளம்பரமும் கூட. சிக்கல் என்னன்னா, சீக்கிரமே 75% வரைக்கும் இறங்கிட்டீங்கன்னா அதுதான் உங்க நிஜ விலைன்னு ஜனங்க முடிவு பண்ணிடுவாங்க, அதுக்கப்புறம் முழு விலைக்கு யாரு வாங்குவா.

மூணாவது ஃபேக்டோரியோன்ற கேமோட ரூட், எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். சேலே கிடையாது. 20 டாலர்ல இருந்து 2018ல 30, 2023 ஜனவரில பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35. எல்லாரும் விலையை இறக்குறப்ப இவங்க ஏத்துறாங்க! முதல்ல வாங்கினவன் ஏமாந்துட்டோமேன்னு ஃபீல் பண்ணவே மாட்டான், காத்திருக்கவும் காரணம் இல்ல. ஆனா இதைப் பாத்துட்டு நாமளும் பண்ணலாம்னு இறங்குறது ஆபத்து. அவங்ககிட்ட ஃப்ரீ டெமோ இருக்கு, ஆடுறவன் நூத்துக்கணக்கான மணி நேரம் ஆடுறான். ஆறு மணி நேர கேமை வச்சுக்கிட்டு சேல் கிடையாதுன்னு சொன்னா அந்த விஷ்லிஸ்ட் மெயிலும் போகாது, கேமும் மறந்து போயிடும்.

இஷ்டப்பட்டதைக் குடுங்கன்ற ரூட்டும் ஒண்ணு இருக்கு. வேர்ல்ட் ஆஃப் கூ 2009ல அப்படி விட்டப்ப ஏகப்பட்ட பேர் குடுத்தது 1 சென்ட். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் பல வருஷம் நன்கொடைலயே ஓடி, 2022 டிசம்பர்ல ஸ்டீம்ல 29.99க்கு வந்துச்சு. ஃப்ரீ வெர்ஷன் இன்னமும் இருக்கு, இருந்தும் காசு குடுத்து வாங்கினாங்க, ஆனா அது அத்தனை வருஷமா சேர்ந்த ரசிகர் பலம்.

முதல் கேம், தனியா ஆடுறது, ஏழெட்டு மணி நேரம்னா என் ஓட்டு 12லருந்து 15 டாலருக்குத்தான், ரிலீஸ் அன்னிக்கு 10% தள்ளுபடி, முதல் வருஷம் பாதிக்குக் கீழ இறங்காதீங்க. ஒன்றரை மணி நேரத்துல முடியிற கேம்னா மட்டும் 5 டாலர் பக்கம் போங்க, ஸ்டீம்ல 2 மணி நேரத்துக்குள்ள ஆடியிருந்தா, வாங்கி 14 நாளுக்குள்ள ரீஃபண்ட் கேக்கலாம்ல, முழுசா முடிச்சுட்டே திருப்பிக் குடுக்கலாம், 15 டாலர்னா கேப்பான், 5 டாலருக்கு அவ்ளோ மெனக்கெட மாட்டான்.