650 ரூபா மேக்ரோ லென்ஸ்: பட்டாம்பூச்சிக்கு வேண்டாம், புழுவுக்கு வாங்குங்க

போன்ல க்ளிப் மாதிரி மாட்டுற மேக்ரோ லென்ஸ் (சின்ன பொருளை கிட்ட போய் பெருசா எடுக்கிறது) ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், 15 எக்ஸ், 650 ரூபா, பிராண்ட் பேர் சொல்ற அளவுக்கு ஒண்ணும் பெரிய பிராண்ட் இல்ல. பங்குனி ஆரம்பத்துல வாங்கினது, இப்ப சித்திரை முடியப்போகுது, காலைல வாக்கிங் போறப்ப எங்க ஏரியா கார்ப்பரேஷன் பார்க்ல தினமும் யூஸ் பண்ணியாச்சு, அதனால தைரியமா சொல்லலாம்.

மொதல்ல ஒரு விஷயம். டப்பா மேல ரெக்கை விரிச்ச பட்டாம்பூச்சி படம் போட்டிருப்பான், அதை நம்பாதீங்க. இந்த லென்ஸ்ல ஃபோகஸ் ஆகணும்னா பூச்சிக்கு ஒரு இன்ச்சுக்கும் கம்மியா போனை கொண்டு போகணும், எந்த பட்டாம்பூச்சி அதுவரைக்கும் உக்காந்திருக்கும்? நான் ஒரு வாரம் சரக்கொன்றை மரத்தை சுத்தி சுத்தி வந்து கிடைச்சதெல்லாம் வெறும் இலை போட்டோ. வாக்கிங் மாமா ஒருத்தர் "என்னப்பா தொலைச்ச"ன்னு கேட்டுட்டு போனாரு.

அப்புறம்தான் அதே கொன்றைல தளிரை பாத்தேன், பச்சையா புழு. அங்க ரவுண்டு அடிச்சிட்டிருந்த வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சியோட பிள்ளைங்கதான், காமன் எமிக்ரன்ட்னு சொல்வாங்க, கொன்றை தளிர்ல முட்டை போடும். புழு எங்கயும் ஓடாது, லென்ஸுக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. பிள்ளையார் கோயில் வில்வ மரத்துல இன்னொண்ணு, பாத்தா காக்கா எச்சம், கிட்ட போய் லேசா தொட்டா தலைக்கு பின்னாடியிருந்து சிவப்பா கவட்டை மாதிரி கொம்பு நீட்டுது, நாத்தம் வேற! லைம் பட்டர்ஃப்ளையோட புழு அது.

ஆனா பணம் மொத்தமும் வசூல் ஆனது அரளிச் செடில. இலைக்கு அடில வெள்ளி ஜிமிக்கி மாதிரி ஒரு கூட்டுப்புழு தொங்குச்சு, காமன் க்ரோங்கிற பட்டாம்பூச்சியோடது. அந்த பளபளப்பு பெயிண்ட் மாதிரி நிறம் இல்லையாம், தோல்ல அடுக்கு அடுக்கா இருக்கிற மெல்லிசான படலங்கள்ல வெளிச்சம் பட்டு திரும்புறதாம். லென்ஸ் வெச்சு பாத்தா அதுல என் போனே தெரியுது, போனுக்கு பின்னாடி என் மூஞ்சியும்.

மாமரத்துல முசுறு எறும்புக் கூடு இருக்கு. இலைய இழுத்துப் பிடிச்சு, சொந்த குட்டிப்புழுவ வாயில கவ்விட்டு, அது விடுற பட்டு நூலாலயே தைக்குதுங்க. அந்தக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் தனியா திரிஞ்சுது, போட்டோவ ஜூம் பண்ணி எண்ணினா எட்டு கால்! எறும்பு வேஷம் போட்ட சிலந்தி, முன்னங்கால் ரெண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கிட்டே நடக்குது. வெறும் கண்ணுல சத்தியமா தெரியாது. இதுக்காக முசுறுகிட்ட கையில நாலு கடி வாங்கினேன், முழுக்கை சட்டை போட்டுட்டு போங்க.

அக்கா பையன் தமிழ்நாட்டு பட்டாம்பூச்சிய காட்டுன்னு அடம். 2019ல மாநில பட்டாம்பூச்சியா அறிவிச்ச தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலை பக்கம்தான்டான்னு சொன்னா மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டான், கழுத்து சிவந்த ஓணான காட்டி சமாளிச்சேன் (அதுக்கு லென்ஸ் தேவையில்ல).

குறைன்னா, ரெண்டு மூணு கேமரா இருக்கிற போன்ல க்ளிப்ப மெயின் கேமரா மேல கரெக்ட்டா வெக்கணும், கிட்ட போனதும் போன் தானா வேற கேமராவுக்கு மாறினா கறுப்புதான், செட்டிங்ஸ்ல அதை ஆஃப் பண்ணிடுங்க. ஃபோகஸ் ஆகுற ஆழம் ரொம்ப கம்மி, கண்ணு தெளிவா இருந்தா வாலு மங்கல். காத்து அடிச்சா மொத்தமும் வேஸ்ட், ஆறரைலேர்ந்து எட்டுக்குள்ள போறது நல்லது.

க்ளிப்ல இருந்த ரப்பர் பேட் மூணாவது வாரமே கழண்டு விழுந்துடுச்சு. பழைய சைக்கிள் ட்யூப வெட்டி ஒட்டினேன், ஒரிஜினலவிட அதுதான் நல்லா பிடிக்குது.